சூனியம் என்றொரு சொல்

தமிழில் 'சூனியம்' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. ஒன்றுமில்லாமை என்பது ஒன்று. பில்லி, ஏவல் முதலியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் தீவினை என்பது மற்றொன்று. வடமொழியில் வெறுமையைக் குறிக்கப் பிறந்த சொல் நம் ஊர்களில் மாந்திரீகத்துக்கு எவ்வாறு பெயராயிற்று என்பதை மொழிநூலார் ஆராயட்டும். அரபு பயின்றவனுக்கு இதில் வேறொரு விந்தையும் தென்படும். இந்தியக் கணிதரின் சூனியத்தை அரபு அறிஞர்கள் 'ஸிஃப்ர்' என்று மொழிபெயர்த்தார்கள். வெறுமையானது என்பதே அதன் பொருள். அச்சொல் இலத்தீனுக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் சென்று, 'சைபர்' என உருமாறி, நம் பள்ளிக்கூடங்களுக்கே திரும்பி வந்து சேர்ந்தது. மாந்திரீகத்துக்கோ அரபில் 'ஸிஹ்ரு' என்று பெயர். ஸிஃப்ரும் ஸிஹ்ரும் தமிழ்க் காதுக்கு உடன்பிறந்தவை போல ஒலித்தாலும் இரண்டுக்கும் வேர் வேறு, முதலெழுத்தே வேறு. ஒன்றுக்கு ஸாத், மற்றதற்கு ஸீன். அரபு பிரித்து வைத்த இரண்டையும் தமிழ் ஒரே பெட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறது.

இந்தச் சொல்லாராய்ச்சியில் என்னை இறக்கிவிட்டவன் என் தங்கை மகன். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறான். பனிக்காலத்தில் ஒரு நாள், "மாமா, காற்றே இல்லாத இடத்துக்கு அரபியில் நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கள். ஒரு மந்திரத்துக்கு வைக்க வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான். அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹுப் பாடம் நடத்துகிற தாய்மாமனிடம் மந்திரத்துக்குப் பெயர் கேட்கும் துணிவு இக்காலத்துப் பிள்ளைகளுக்கே உரியது. என்ன மந்திரம், யாருக்கு எதிராக என்று கேட்டேன். ஒரு விளையாட்டு என்றான். பிறகு அதைப் பல நாட்கள் பொறுமையாக விளக்கினான்.

அவ்விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும், மின்னசோட்டாக்காரரான டேவ் ஆர்னசனும் சேர்ந்து ஆக்கி 1974இல் வெளியிட்டது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, வீரனாகவோ திருடனாகவோ மந்திரவாதியாகவோ பேசிச் செயல்படுவர். செய்ய முனைந்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். பகடை என்றதும் எனக்குப் புருவம் சுருங்கிற்று. நர்து ஆட்டத்தைக் கண்டிக்கும் ஹதீஸைப் பாடம் சொல்லிக் கொடுப்பவனல்லவா நான்! காசு இல்லை, பந்தயம் இல்லை என்று அவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். அந்த வழக்கை இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

விளையாட்டின் நூல்களில் நூற்றுக்கணக்கான மந்திரங்கள் அச்சாகியிருக்கின்றன. அவை போதாவென்று ஆடுவோர் தாமே புதியன இயற்றிச் சேர்ப்பதும் உண்டு. அதற்கு 'ஹோம்பிரூ' என்று பெயர். வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளும் பீருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. மந்திரத்துக்கு வைத்த பெயரிலும் மது மணக்கிறதே என்றேன். பையன் சிரிப்புப் பொம்மை ஒன்றை அனுப்பினான்.

இன்னொரு செய்தி என்னை உண்மையாகவே திகைக்க வைத்தது. பழைய விதிகளின்படி, மந்திரவாதி தன் மந்திரத்தை ஏட்டைப் பார்த்து மனனம் செய்து வைத்துக்கொள்வான். ஒருமுறை ஓதிவிட்டால் அது அவன் நினைவிலிருந்து அழிந்துபோகும். மீண்டும் வேண்டுமானால் மீண்டும் மனனம் செய்ய வேண்டும். ஜாக் வான்ஸ் என்னும் கதாசிரியர் 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' என்ற நூலிலிருந்து எடுத்துக்கொண்ட கற்பனையாம். மறவாதிருக்கவே மனனம் செய்கிற கூட்டத்தில் வளர்ந்தவன் நான். ஓதியவுடன் மறந்துபோகும் ஹிஃப்ளு என்ற கற்பனையை எங்கள் ஹிஃப்ளு வகுப்பு உஸ்தாதிடம் சொன்னேன். "அது ஒன்றும் கற்பனையில்லை, என் வகுப்பில் நாலு பேர் அப்படித்தான்" என்றார்.

ஸிஹ்ரு பெரும்பாவம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஸிஹ்ரு செய்வது வேறு, ஸிஹ்ரு வருகிற கதையைச் சொல்வது வேறு. ஆயிரத்தொரு இரவுகளைக் கேட்டு வளர்ந்த சமுதாயம் இந்த வேறுபாட்டை அறியாததன்று. அந்த அமெரிக்கர்களும் நம் கதைகளின் மூட்டையை அவிழ்த்துத்தான் கடை வைத்திருக்கிறார்கள். ஜின், இஃப்ரீத், மாரித் என்ற பெயர்கள் அவ்விளையாட்டில் உலவுகின்றன. ஆயிரத்தொரு இரவுகளின் பித்தளை நகரம் அங்கே இஃப்ரீத்துகளின் தலைநகராகிவிட்டது. ஆயினும், ஜின்களைக் காற்றுலகின் குடிகளாக வைத்திருக்கிறார்களே, புகையற்ற நெருப்பினால் படைக்கப்பட்டதாகவல்லவா குர்ஆன் கூறுகிறது என்று திருத்தம் சொன்னேன். "அச்சாகி ஐம்பது வருடம் ஆகிவிட்டது மாமா" என்று பதில் வந்தது.

பெயருக்கு வருகிறேன். வெற்றிடத்துக்கு நம் முன்னோர் கையாண்ட கலைச்சொல் 'கலா' என்பது. தொண்டையில் உரசி வரும் ககரம் அது. அவ்வாறு உரசாமல் சொன்னால் பக்கத்துத் தெருப் பெண்ணைக் கூப்பிட்டதாக ஆகிவிடும். இந்தச் சின்னஞ்சிறு சொல்லைப் பற்றி நடந்த வாதங்கள் சிறியவையல்ல. பொருள்கள் யாவும் அணுக்களால் ஆயவை என்று கருதிய கலாம் அறிஞருள் பஸ்ராவைச் சேர்ந்த முஃதஸிலாக்கள், அணுக்கள் அசைய வேண்டுமானால் இடையே வெறும் இடம் வேண்டும் என்று வாதித்தனர். பக்தாத் அணியினர் மறுத்தனர். இப்னு ஸீனாவும் வெற்றிடம் என ஒன்று இருக்க முடியாது என்றார். 950இல் மறைந்த ஃபாராபி இதற்கெனத் தனியாகவே ஒரு சிறு நூல் எழுதினார். ஒரு கண்ணாடிக் குப்பியிலுள்ள காற்றை வாயால் உறிஞ்சி, விரலால் வாயை அடைத்து, நீரில் கவிழ்த்து விரலை எடுத்தால் நீர் உள்ளே ஏறுகிறது. ஆகவே குப்பிக்குள் வெற்றிடம் இருந்தது என்பார் சிலர். அதனை ஃபாராபி ஏற்கவில்லை. எஞ்சிய காற்று விரிந்து குப்பி முழுவதையும் நிரப்பிக்கொண்டது, வழி திறந்ததும் தன் இயல்பான அளவுக்குச் சுருங்கி நீரை ஈர்த்தது என்றார். வெற்றிடத்தை மறுக்கப் போனவர் காற்று விரியும் சுருங்கும் என்ற உண்மையின் வாசலைத் தொட்டுவிட்டார். ஹிஜாமா வைப்பவரின் குவளை சதையைக் கவ்விப் பிடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குப்பி நினைவு வரும்.

'கலா' என்ற பெயர் பையனுக்குப் பிடித்துவிட்டது. தான் எழுதிய மந்திரத்தின் வாசகத்தையும் அனுப்பி வைத்தான். அதைப் படித்தபோதுதான் இவ்விளையாட்டின் மீது எனக்கு ஒரு மரியாதை ஏற்பட்டது. மந்திரம் என்றால் முணுமுணுப்பும் புகையும் என்று எண்ணியிருந்தேன். அவன் அனுப்பியதோ ஃபிக்ஹின் 'மத்ன்' போல இருந்தது. ஒவ்வொரு சொல்லும் ஒரு நிபந்தனை. எத்தனை தூரம், எவ்வளவு பரப்பு, எத்தனை நேரம், யாருக்குப் பலிக்கும், எப்போது முறியும் என்று வரையறை. 60 அடிக்குள் ஓரிடத்தை மந்திரவாதி குறிக்க, அதைச் சுற்றி 20 அடி ஆரமுள்ள கோளத்திலிருந்து காற்று அகன்றுவிடும். அவன் கவனம் சிதறாதிருந்தால் ஒரு நிமிடம் வரை நீடிக்கும். ஒலி எழாது, ஆகவே வாயால் ஓதியாக வேண்டிய மந்திரம் எதுவும் உள்ளே இருப்பவனுக்குப் பயன்படாது. இது மிக நுட்பமான விதி என்று மெச்சினேன். கடைசி வரி வேறு வகையானது. உள்ளே இருப்பவர் மூச்சை அடக்கிக்கொள்ள இயலாது. இரண்டு சுற்றில் விழுந்துவிடுவர். ஒரு சுற்று என்பது 6 விநாடி.

கூட ஆடும் நண்பர்கள் இதை எதிர்த்தார்களாம். 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, சராசரி உடல்வலிமை உள்ள பாத்திரம் ஒரு நிமிடம் மூச்சடக்கலாம். அதன் பிறகுதான் திணறல். இவன் அந்த ஒரு நிமிடத்தையும் பறித்துவிட்டான். ஆனால் அறிவியல் இவன் பக்கம் இருந்தது. மூச்சடக்கும் விதி நீரில் மூழ்குபவனுக்குச் செய்த விதி. வெற்றிடத்தில் மூச்சை அடக்கினால், உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். உடல் வெடித்துச் சிதறும் என்று திரைப்படங்கள் காட்டுவது பொய். ஆயினும் நினைவு தப்பச் சில விநாடிகளே போதும். 1966 டிசம்பரில் ஹூஸ்டன் நகரில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெபிளாங்க் என்பவரின் காற்றுக்குழாய் வெற்றிட அறைக்குள்ளே கழன்றுவிட்டது. ஏறக்குறைய 14 விநாடிகளில் அவர் மயங்கி விழுந்தார். நாக்கில் ஊறிய உமிழ்நீர் கொதித்தது அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது. உடனே காற்றைத் திறந்துவிட்டதால் பிழைத்தார். 1971 ஜூன் 30இல் சோயுஸ் 11 கலத்தில் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த மூன்று ரஷ்ய வீரர்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 168 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வால்வு திறந்துகொண்டது. கலம் மெல்லத் தரையிறங்கியது. உள்ளே மூவரும் இறந்திருந்தார்கள்.

கணக்கும் போட்டு அனுப்பினான். தரைமீது கவிழ்ந்த அரைக்கோளம் என்று கொண்டாலும் அதிலிருந்து வெளியேறும் காற்றின் எடை அரை டன்னுக்கு மேல். மந்திரம் முடிந்து அக்காற்று திரும்பிப் பாயும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 48 மெகாஜூல்; பதினோரு கிலோ டி.என்.டி. வெடித்தாற்போல. காற்றை ஒன்றுமில்லாதது என்று சொல்கிறோம். அதை அகற்றிப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய பொருள் என்று புலனாகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு அன்றிரவு நான் அவனுக்குப் பதில் எழுதவில்லை. காரணம் உண்டு.

2021 மே மாதத்தில் என் மச்சான், அதாவது இவனுடைய அத்தா, வஃபாத்தானார். இவன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தான். விரலில் மாட்டும் அந்தச் சிறு கருவியில் எண் இறங்கிக்கொண்டே போவதை இவன்தான் பார்த்து எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். 91, 86, 79. இரண்டு இரவு சிலிண்டருக்காக மோட்டார் சைக்கிளில் அலைந்தான். மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது; காற்று கிடைக்கவில்லை. அதைப் பற்றி இவன் இன்றுவரை யாரிடமும் வாய் திறந்து பேசியதில்லை. என் தங்கை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள், அவன் பேசவில்லை. இத்தனைக்கும் பிறகு, எத்தனையோ மந்திரங்களுக்கு நடுவே இவன் இயற்றத் தேர்ந்துகொண்டது இந்த ஒன்று. அதன் கடைசி வரியில் தப்பிக்க வழி வைக்கவில்லை. நூலிலுள்ள மந்திரங்களில் ஒன்று, பத்துப் பேருக்கு ஒரு நாள் முழுதும் நீருக்கடியில் மூச்சுவிடும் ஆற்றல் தருவதாம். அதையும் இவனே எனக்குச் சொல்லியிருக்கிறான்.

நான் அத்தாவின் பேச்சை எடுக்கவில்லை. பாடம் நடத்துகிறவன் மத்னைப் பார்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும். மறுநாள், "உள்ளே அகப்பட்டவனுக்கு என்ன வழி?" என்று மட்டும் எழுதினேன்.

"இயற்பியலில் வழி இல்லை மாமா."

"இயற்பியலை நீ எழுதவில்லையே. மந்திரத்தை நீதானே எழுதுகிறாய்?"

மூன்று நாள் அவனிடமிருந்து செய்தி இல்லை.

அந்த விளையாட்டில் 'சேவிங் த்ரோ' என்று ஒரு விதி தொடக்கப் பதிப்பிலிருந்தே இருக்கிறது. தப்பிக்கும் வீச்சு எனலாம். கொடிய மந்திரமோ நஞ்சோ பெருநாகத்தின் தீமூச்சோ தாக்கும்போது, தாக்கப்பட்டவன் பகடையை ஒருமுறை உருட்டிப் பார்க்கலாம். கைகாக்ஸ் 1979இல் வெளியிட்ட நடத்துநர் நூலில் இதற்கு ஒரு நியாயம் கூறுகிறார். பாறையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஒருவன் தீமூச்சிலிருந்து எப்படித் தப்ப முடியும், இந்த விதி நகைப்புக்குரியது என்று யாரோ கேட்டார்களாம். ஏன் முடியாது என்பது அவர் மறுமொழி. கடைசிக் கணத்தில் அவன் தீயின் கீழே குனிந்துவிடலாம், பாறையில் ஒரு பிளவு அகப்படலாம், கட்டு நெகிழலாம். இதைப் பையனுக்கு எடுத்துக் காட்டியவன் அவர்களுடைய மேசையில் கதை நடத்தும் நண்பன். அதை என் பார்வைக்கு அனுப்பியவன் பையன். இந்தப் பத்தியைப் படித்து நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாறையில் பிளவு இருக்கிறதா என்பது அங்கே கேள்வியில்லை. பிளவு ஒன்று இருந்திருக்கக் கூடும் என்பதற்கு விதியை எழுதுகிறவன் இடம் விட்டானா என்பதே கேள்வி. மேதைகளான ஃபகீஹுகள் சட்டம் வகுக்கையில் நோயாளி, பயணி, நெருக்கடிக்கு ஆளானவன் என்று தனித்தனியே வாசல் வைத்துக்கொண்டு போனதை முப்பது வருடமாகப் பாடம் சொல்லி வருகிறேன். ஒரு விளையாட்டு நூலில் அதன் சாயலைக் காண்பேன் என்று நினைத்ததில்லை.

பதிலுக்கு நான் அவனுக்கு ராபர்ட் பாயில் பற்றிய ஒரு செய்தியை எழுதினேன். காற்றை இறைத்து வெளியேற்றும் பம்பு ஒன்றைக் கொண்டு அவர் செய்த சோதனைகள் 1660இல் நூலாயின. கண்ணாடிக் கலத்துக்குள் மெழுகுவத்தி அணைந்தது. கடிகாரத்தின் ஒலி தேய்ந்தது. பறவைகளும் எலியும் துடித்தன. ஒருமுறை, பறவை துடிப்பதைக் காணப் பொறாத பெண்மணிகள் சிலர் தடுத்ததால், அவசரமாகக் காற்றைத் திறந்துவிட நேர்ந்தது என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். ஜோசப் ரைட் என்னும் ஆங்கில ஓவியர் 1768இல் இத்தகைய காட்சி ஒன்றைத் தீட்டினார். அது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. கலத்துக்குள் வெள்ளைப் பறவை சாய்ந்து கிடக்கிறது. ஒரு சிறுமி முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். சோதனை நடத்துபவரின் கை மேலே வால்வின்மீது இருக்கிறது. திறக்கப் போகிறாரா இல்லையா என்று ஓவியத்தில் தெரியாது.

நான்காம் நாள் திருத்திய வாசகம் வந்தது. காற்று அகலும் அந்தக் கணத்தில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் ஒருமுறை, உள்ளிருப்பவர் தப்பிக்கும் வீச்சு வீசலாம். வென்றவர் கோளத்தின் விளிம்புக்கு வந்து சேர்வர். மந்திரம் நீடிக்கும்வரை மந்திரவாதி தன் இடக்கையைப் பொத்திப் பிடித்திருக்க வேண்டும். விரலைத் திறந்தால் அக்கணமே காற்று திரும்பும். பொத்திய கை என்ற நிபந்தனை அவனுடைய சொந்த எண்ணம். நான் சொல்லிக் கொடுத்ததன்று. கீழே ஒரு வரி: "அத்தாவுக்கு அன்றைக்கு 79 இருந்தபோது நான் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் மாமா, முகத்தைப் பார்க்கவில்லை." அதைத் தங்கையிடம் காட்டலாமா என்று கேட்டேன். தானே பேசிக்கொள்வதாகச் சொன்னான். பேசினான் என்று பிறகு அறிந்தேன். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

'கலா' முதன்முதலாகப் பயன்பட்டது யாரையும் கொல்வதற்காகவன்று. கதையில் ஒரு மாவு ஆலைக்காரனின் தானியக் களஞ்சியம் தீப்பற்றி எரிந்ததாம். இவன் கையைப் பொத்தினான். நெருப்பு நொடியில் படுத்துவிட்டது. ஒரு நிமிடம் கழிந்து காற்று திரும்பியதும் கங்குகள் இரண்டு மூன்று இடத்தில் மறுபடி கனன்றன. அதற்குள் நண்பர்கள் வாளியோடு நின்றார்கள். ஆனால் பாய்ந்து வந்த காற்றில் களஞ்சியத்தின் கதவுகள் உள்நோக்கிப் பிளந்து விழுந்துவிட்டன. ஆலைக்காரன் நட்ட ஈடு கேட்கிறான். கதை நடத்தும் நண்பனோ, உன் மாமாவிடம் கேட்டுச் சொல் என்று வழக்கை எனக்குத் தள்ளிவிட்டான்.

ஃபிக்ஹில் இதற்கு 'ளமான்' என்று ஓர் அத்தியாயமே உண்டு. நேரடியாகச் செய்தவன் கெட்ட எண்ணம் இல்லாவிடினும் இழப்புக்குப் பொறுப்பாவான். பசியால் சாகப் போகிறவன் பிறர் உணவை எடுத்து உண்ணலாம், பாவமில்லை. ஆனால் விலையைக் கொடுத்தாக வேண்டும் என்பது பெரும்பான்மை அறிஞரின் முடிவு. உடைமைக்காரனே கேட்டுக்கொண்டு, அதன்படி செய்ததில் சேதம் வந்திருந்தால் பேச்சு வேறு. ஆகவே, "அணைத்துத் தரும்படி அவன் உன்னிடம் சொன்னானா?" என்று கேட்டேன்.

"'தண்ணீர், தண்ணீர்' என்றுதான் கத்தினான் மாமா."

தண்ணீருக்கு அவன் அனுமதி கொடுத்தான், சூனியத்துக்குக் கொடுக்கவில்லை. எனவே கதவுகளின் விலை உன்மேல் என்று தீர்ப்பு எழுதி அனுப்பினேன். 20 பொன் கொடுத்துத் தீர்த்தானாம். அதில் 5 பொன் அந்த நண்பனிடமே வாங்கிய கடன்.